தம்பி, முதல்ல வீட்டம்மாவோட பி.எட் பேப்பர எடுத்து வைங்க

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஆஸ்திரேலியால விக்டோரியா மாநிலத்துக்கு 190 விசா, அதாவது நிரந்தரமா தங்கற பி.ஆர், வந்தாச்சு, நீங்க சாஃப்ட்வேர் டெஸ்டிங், உங்க வீட்டம்மா எம்.எஸ்ஸி பி.எட் முடிச்சு கரூர்ல 7 வருஷமா மேத்ஸ் டீச்சர், பாப்பாவுக்கு 4 வயசு. நான் மட்டும் முன்னாடி வந்து ஒரு வருஷத்துல செட்டில் ஆகிட்டு அவங்கள கூப்பிட்டுக்கவா, இல்ல மூணு பேரும் ஒண்ணா வந்துடலாமா, அங்க குடும்பம், வேலை, பாப்பா படிப்பு எல்லாம் எப்படின்னு கேட்டிருக்கீங்க. இவ்ளோ நீளமா எழுதினதுல உங்க வீட்டம்மா வேலைய பத்தி ஒரே ஒரு வரி தான் இருக்கு, "அவங்க வந்து மெதுவா ஏதாவது பாத்துக்குவாங்க"ன்னு. அந்த வரியிலயே நான் நின்னுட்டேன். 2013ல எங்க வீட்டுக்காரரும் அச்சு அசலா இதையே தான் சொன்னார், நானும் சரின்னு தலையாட்டிட்டு ஃபிளைட் ஏறினேன்.

நான் திருநெல்வேலி பக்கம் ஒரு ஸ்கூல்ல பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு ஃபிசிக்ஸ் எடுத்தவ. இவர் மெக்கானிக்கல். வந்த புதுசுல இவருக்கு டிசைன் வேலை கிடைக்கல, ஒரு ஃபேக்டரில காலைல 6 மணி ஷிஃப்ட் போனார். பொண்ணுக்கு அப்ப 4 வயசு, உங்க பாப்பா மாதிரியே. சைல்ட்கேர்ல விட்டா சம்பளத்துல பாதி அங்கயே போயிடும்னு கணக்கு போட்டு நான் மெல்பர்ன் பக்கம் ட்ருகனினால ஒரு வேர்ஹவுஸ்ல சாயங்கால ஷிஃப்ட்டு சேர்ந்தேன், பிக் பேக்கிங், ஆர்டர் வந்த சாமான எடுத்து அடுக்கற வேலை. வீட்டுல ஒரே கார். இவர் ரெண்டே முக்காலுக்கு வருவார், நான் ஷூ போட்டுட்டு ரெடியா வாசல்ல நிப்பேன், சாவி என் கைக்கு வரும், பிள்ளை அவர் கைக்கு போகும், சாம்பார் அடுப்புல இருக்குன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான் அன்னிக்கு புருஷன் பொண்டாட்டி பேச்சு. காதுல ஹெட்செட் மாட்டி விட்டுடுவாங்க, ஒரு மெஷின் குரல் ஐல் 14, குவான்டிட்டி 6ன்னு சொல்லும், நாம எடுத்து வச்சுட்டு "ரெடி"ன்னு சொல்லணும், அப்பதான் அடுத்தத சொல்லும். நான் "த்ரீ"ன்னு சொன்னா அந்த மெஷினுக்கு புரியவே புரியாது, சூப்பர்வைசர் பையன் வந்து என் குரலை திரும்ப ரெக்கார்டு பண்ணி விட்டான். அறுபது பிள்ளைங்க முன்னாடி நியூட்டன் விதி நடத்தின வாயி, நடுராத்திரி ஒரு மெஷின் கிட்ட ரெடி ரெடின்னு சொல்லிட்டு நின்னுச்சு. அந்த வேலைய நான் மட்டமா சொல்லல தம்பி, எங்க வீட்டு வாடகைய அது தான் கட்டுச்சு, கேஷுவல்ங்கறதால லீவு கிடையாது ஆனா மணிக்கு 25 சதவீதம் லோடிங் சேர்த்து குடுப்பாங்க, சூப்பர்னு ரிட்டயர்மென்ட் காசும் தனியா போடுவாங்க, இப்ப அது 12 சதவீதம். என் வருத்தம் என்னன்னா ஆறு மாசம்னு நினைச்சு போனேன், நாலு வருஷம் ஓடிடுச்சு, நடுவுல சைல்ட்கேர்ல வேலை பாத்ததையும் சேர்த்து.

ஏன் ஓடுச்சுன்னா பேப்பர். இங்க ஸ்கூல்ல டீச்சரா நிக்கணும்னா விக்டோரியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டீச்சிங்ல ரிஜிஸ்டர் பண்ணணும், வி.ஐ.டின்னு சொல்லுவோம். மொத்தம் நாலு வருஷ காலேஜ் படிப்பு வேணும், அதுல டீச்சர் டிரெயினிங்கும் இருக்கணும், அந்த டிரெயினிங்ல குறைஞ்சது 45 நாள் ஸ்கூல்ல போய் பாடம் எடுத்ததுக்கு ஆதாரம் வேணும். நாம பி.எட்ல டீச்சிங் பிராக்டிஸ் போனோம்ல, அது தான். ஆனா மார்க் ஷீட்ல எத்தனை நாள்னு எங்கயும் போட்டிருக்க மாட்டாங்க. அத லெட்டர்ஹெட்ல நாள் கணக்கோட எழுதி வாங்க என் தம்பி எங்க காலேஜுக்கு எட்டு மாசம் அலைஞ்சான், பழைய பிரின்சிபால் போயிட்டார்னு ஒரு தடவ, ரெஜிஸ்டர் கிடைக்கலன்னு ஒரு தடவ. ஊர்ல இருந்திருந்தா நானே நேர்ல போய் ரெண்டு வாரத்துல வாங்கியிருப்பேன்.

அடுத்தது ஐஇஎல்டிஎஸ், அந்த இங்கிலீஷ் டெஸ்ட். உங்க விசா பாயின்ட்ஸுக்காக தங்கச்சி (உங்க வீட்டம்மாவ இனிமே தங்கச்சின்னே சொல்றேன்) ஏற்கனவே நாலு பிரிவுலயும் ஆறு ஆறுன்னு ஸ்கோர் வாங்கி வச்சிருக்கலாம், அது விசாவுக்கு சரி, டீச்சர் வேலைக்கு பத்தாது. படிக்கறதுலயும் எழுதறதுலயும் 7, பேசறதுலயும் கேக்கறதுலயும் 8, அதுவும் அகாடமிக் டெஸ்ட். நான் மூணாவது தடவைல தான் தாண்டினேன், மூணு தடவையும் காசு தண்டம். இன்னொண்ணு, ஊர்ல வேலைல இருக்கறப்பவே, தினம் பாடம் எடுத்துட்டு இருக்கறப்பவே எழுதினா நல்லது, இங்க வந்து வீட்டு வேலை, பிள்ளை, ஷிஃப்ட்டுன்னு மாட்டிக்கிட்டா புக்க பிரிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துடும்.

அதனால ஒண்ணா வரவா தனியா வரவான்னு நீங்க கேட்டதுக்கு என் பதில், நீங்க ரெண்டு மூணு மாசம் முன்னாடி வாங்க, ஒரு வருஷம்லாம் வேண்டாம். அந்த ரெண்டு மூணு மாசத்துல தங்கச்சி ஊர்ல இந்த பேப்பர் வேலைய முடிக்கட்டும், டிரான்ஸ்கிரிப்ட், பிராக்டிஸ் லெட்டர், வேலை பாத்த ஸ்கூல்லேர்ந்து எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், போலீஸ் கிளியரன்ஸ், ஐஇஎல்டிஎஸ். இங்க மேத்ஸ் டீச்சருக்கு அவ்ளோ தட்டுப்பாடு தம்பி, உங்க டெஸ்டிங் வேலைய விட அவங்களுக்கு சீக்கிரம் நல்ல வேலை கிடைச்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ரிஜிஸ்ட்ரேஷன் கைல வந்துட்டா முதல்ல சி.ஆர்.டி, கேஷுவல் ரிலீஃப் டீச்சர்னு நாள் கூலி மாதிரி போகலாம், எந்த டீச்சர் லீவோ அவங்க கிளாஸுக்கு, காலைல ஃபோன் வரும், ஒரு நாளைக்கு வரிக்கு முன்னாடி 400 டாலர் பக்கம் வரும். பாப்பாவுக்கு காய்ச்சல்னா அன்னிக்கு வரலன்னு சொல்லிடலாம். அப்படியே ஏதாவது ஒரு ஸ்கூல்ல பிடிச்சு போய் கான்ட்ராக்ட் குடுப்பாங்க. எனக்கும் அப்படி தான் நடந்துச்சு. ரிஜிஸ்ட்ரேஷன் லேட்டாச்சுன்னா சும்மா இருக்க வேண்டாம், ஸ்கூல்லயே டீச்சருக்கு உதவியா இருக்கற எஜுகேஷன் சப்போர்ட் வேலைக்கு இந்த ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்ல, கிளாஸ்ரூம் எப்படி ஓடுதுன்னு பக்கத்துல இருந்து பாத்துக்கலாம். பாக்கவும் வேணும், ஏன்னா நம்ம ஊர் மாதிரி உள்ள நுழைஞ்சதும் எந்திரிச்சு குட்மார்னிங் மிஸ்லாம் கிடையாது. என் முதல் நாள் இயர் 8, ஒரு பையன் சேர் மேல உக்காராம டேபிள் மேல உக்காந்திருந்தான், இறங்குன்னேன், "ஏன் மிஸ்?"னு கேட்டான். திமிருல கேக்கல, நிஜமாவே காரணம் கேட்டான். எனக்கு பதிலே வரல. இப்ப ஒரு காரணம் ரெடியா வச்சிருக்கேன், விழுந்தா நான் மூணு ஃபார்ம் எழுதணும்டான்னு சொன்னா சிரிச்சுட்டு இறங்கிடுவானுங்க. பிரின்சிபாலயும் பேர் சொல்லி தான் கூப்பிடணும், அது வாய்ல வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

உங்க வேலைக்கு சுருக்கமா சொல்றேன், இத பத்தி சொல்ல நிறைய பேர் இருக்காங்க. டிசம்பர் நடுவுல வந்து இறங்காதீங்க, அப்பலேர்ந்து ஜனவரி 26 வரைக்கும் எந்த ஹெச்.ஆரும் ஃபோன் எடுக்க மாட்டாங்க, ஊரே பீச்ல இருக்கும். பிப்ரவரி, மார்ச் நல்லது. ரெஸ்யூமேல ஃபோட்டோ, பிறந்த தேதி, அப்பா பேரு எதுவும் வேண்டாம். லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க, முதல் வேலை சின்ன கான்ட்ராக்ட்டா இருந்தாலும் பிடிச்சுக்கோங்க. கைல ஆறு மாச செலவுக்கு காசு வச்சுக்கோங்க, ஏன்னா பி.ஆர் இருந்தாலும் வேலை இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற உதவித்தொகைக்கு நாலு வருஷம் காத்திருக்கணும். மெடிகேர்ங்கற அரசாங்க மருத்துவ காப்பீடு மட்டும் வந்ததும் கிடைக்கும். ஆனா விக்டோரியால ஆம்புலன்ஸ் அதுல வராது, குடும்பத்துக்கு வருஷம் நூறு டாலர் சொச்சத்துக்கு ஆம்புலன்ஸ் மெம்பர்ஷிப் இருக்கு, இறங்கின வாரமே போட்டுடுங்க. பல்லுக்கும் மெடிகேர் வராது, தங்கச்சிக்கோ உங்களுக்கோ சொத்தைப் பல் இருந்தா கரூர்லயே அடைச்சுட்டு வாங்க, விளையாட்டுக்கு சொல்லல.

வாடகை வார கணக்குல சொல்லுவாங்க. 500ன்னா மாசம் 2000ன்னு நினைக்காதீங்க, வருஷத்துக்கு 52 வாரம், அப்ப மாசம் 2170 பக்கம். கூட பாண்டுன்னு ஒரு மாச அட்வான்ஸ்.

பாப்பாவ பத்தி. இங்க ஸ்கூல் வருஷம் ஜனவரி கடைசில ஆரம்பிக்கும், ஏப்ரல் 30க்குள்ள 5 வயசு முடிஞ்சா அந்த வருஷம் ப்ரெப்ல, அதாவது ஸ்கூலோட முதல் வகுப்புல சேக்கலாம். உங்க வாடகை வீட்டு அட்ரஸ் எந்த ஸோன்ல வருதோ அந்த கவர்மென்ட் ஸ்கூல், அதனால வீடு பாக்கறப்பவே ஸ்கூல் ஸோன பாத்துடுங்க. அதுக்கு முந்தின வருஷம் கிண்டர், விக்டோரியால ஃப்ரீ. ஃப்ரீன்னதும் சந்தோஷப்படாதீங்க, பெரும்பாலும் வாரத்துக்கு 15 மணி நேரம் தான், அஞ்சு அஞ்சு மணியா மூணு நாள் மாதிரி வரும், அதுல ரெண்டு பேரும் வேலைக்கு போக முடியாது. நான் மாட்டினது இங்க தான். சைல்ட்கேருக்குள்ளயே கிண்டர் நடத்தற லாங் டே கேர் இருக்கு, காலைல விட்டு சாயங்காலம் கூப்பிடலாம், பி.ஆர்ங்கறதால சைல்ட்கேர் சப்ஸிடி உங்களுக்கு உடனே உண்டு, அதுக்கு நாலு வருஷ கணக்கு கிடையாது. இந்த 2026 ஜனவரிலேர்ந்து வாரத்துக்கு மூணு நாளுக்காவது சப்ஸிடி உறுதின்னு மாத்திட்டாங்க, அம்மா வேலைல இல்லாம படிச்சுட்டு இருந்தாலும் வேலை தேடிட்டு இருந்தாலும் கிடைக்கும். எங்க காலத்துல நான் முழு சைல்ட்கேர் ஃபீஸ பாத்து பயந்து வேர்ஹவுஸ் போனேன், சப்ஸிடி கழிச்சு எவ்ளோ வரும்னு யார்கிட்டயும் கேக்கவே இல்ல. நீங்க முதல்ல இந்த கணக்க போடுங்க. ஒண்ணு மட்டும், முதல் வருஷம் சைல்ட்கேர்ல விட்டா மாசத்துல பத்து நாள் சளி, அத எந்த கணக்குலயும் எழுத முடியாது.

படிப்பு மெதுவா தான் போகும். ப்ரெப்ல ஹோம்வொர்க்னா ராத்திரி ஒரு குட்டி கதை புக்கு படிக்கணும், அவ்ளோதான், ஊர்லேர்ந்து தாத்தா பாட்டி வாய்ப்பாடு சொல்றாளான்னு கேட்டா நீங்க முழிப்பீங்க. அப்புறம் அஞ்சாங்கிளாஸ் வரும்போது நம்ம ஆளுங்க கூட்டம் செலக்டிவ் ஸ்கூல் கோச்சிங்னு ஓடும், மெல்பர்ன்ல பரீட்சை வச்சு இயர் 9க்கு எடுக்கற கவர்மென்ட் ஸ்கூல் நாலு தான், மெல்பர்ன் ஹை, மேக் ராபர்ட்சன், நாசல், சுசான் கோரி. என் பொண்ணு எழுதினா, கிடைக்கல, பக்கத்து ஸ்கூல்லயே படிச்சு இந்த வருஷம் இயர் 12. ரெண்டு வருஷம் சனிக்கிழமைய கோச்சிங்ல போட்டதுக்கு நான் இப்பவும் அவகிட்ட திட்டு வாங்கறேன். இன்னொரு சனிக்கிழமை கிளாஸுக்கு மட்டும் திட்டு இல்ல, அது தமிழ். விக்டோரியன் ஸ்கூல் ஆஃப் லாங்குவேஜஸ்னு கவர்மென்ட்டே நடத்துது, வி.சி.இல, நம்ம பிளஸ் டூ மாதிரி, தமிழ ஒரு பாடமாவே எழுதலாம், மொழிப் பாடத்துக்கு ஸ்கேலிங்னு மார்க்க கொஞ்சம் ஏத்தியும் விடுவாங்க. அவ நாலாவது வயசுல முழுத் தமிழ்ல பேசிட்டு வந்தவ, ப்ரெப் முடிக்கறதுக்குள்ள நான் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டா. கூடவே உக்காந்து பேசியிருந்தா இவ்ளோ சீக்கிரம் போயிருக்காது, ஆனா சாயங்காலம் முழுக்க அம்மா வேர்ஹவுஸ்ல, அப்பா தூக்க கலக்கத்துல டிவி போட்டு விட்டுட்டு இருப்பார். இப்ப திரும்ப எழுத்து கூட்டி படிச்சு அவங்க ஆச்சிக்கு வாட்ஸாப்ல தமிழ்ல மெசேஜ் போடறா, ஒரே பிழை, ஆச்சிக்கு அது போதும்.

ஆச்சின்னதும் ஞாபகம் வருது, பிள்ளைய பாத்துக்க உங்க அம்மாவ கூப்பிட்டுக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கும். விசிட்டர் விசால வரலாம், எங்க அம்மா ஆறு மாசம் இருந்தாங்க. பகல் முழுக்க டார்னீட் வீட்டுல தனியா, தெருவுல ஒரு மனுஷ நடமாட்டம் கிடையாது, மூணாவது மாசம் "என்னைய ஏத்தி விட்டுரு தாயி"ன்னாங்க. நிரந்தரமா கூப்பிட சாதாரண பேரன்ட் விசாவுக்கு இப்ப 30 வருஷத்துக்கு மேல வரிசை, காசு கட்டற விசாக்கு ஆளுக்கு 40,000 டாலருக்கு மேல, அதுக்கும் வரிசை பத்து வருஷத்த தாண்டுது. அதனால பாட்டிய நம்பி பிளான் போடாதீங்க. நீங்களே சமைக்க பழகுங்க, இப்பவே. தங்கச்சி இயர் 10 பேப்பர் திருத்திட்டு இருக்கறப்ப குக்கர் விசில நீங்க எண்ணணும்.

சாமான் லிஸ்ட்டு கேட்டீங்க. அரிசி பருப்பெல்லாம் வேண்டாம், இங்க எல்லாம் கிடைக்குது. மிக்ஸி கொண்டு வாங்க, வோல்டேஜ் நம்ம ஊர் மாதிரி தான், பிளக் மட்டும் மாத்திக்கணும். குக்கர் காஸ்கெட் ரெண்டு. ஊறுகாயோ பொடியோ எது எடுத்துட்டு வந்தாலும் ஏர்போர்ட் கார்டுல இருக்குன்னு டிக் பண்ணிடுங்க, டிக் பண்ணினா பாத்துட்டு விடுவாங்க, இல்ல எடுத்து போடுவாங்க, மறைச்சா ஃபைன். விதை, இலை, பால் ஐட்டம் வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலை செடி இங்கயே நர்சரில வாங்கி தொட்டில வைக்கலாம், குளிர்ல மொட்டையா நிக்கும், செத்துடுச்சுன்னு பிடுங்கி போட்டுடாதீங்க, அக்டோபர் வாக்குல துளிர் விடும். தங்கச்சி சர்டிஃபிகேட் ஃபைல மட்டும் செக்-இன் பெட்டில போடாதீங்க, அவங்க கைப்பைலயே இருக்கட்டும். பி.எட் காலேஜுக்கு இந்த வாரமே போக சொல்லுங்க, 45 நாள்ங்கறத எழுத்துல போட்டு குடுக்கறாங்களான்னு கேட்டுட்டு எனக்கு சொல்லுங்க, என் லெட்டர் மாடல் வச்சிருக்கேன், அனுப்பறேன்.