இங்கிலாந்தின் சில கிராமங்களில் வீடுகள் ஒரே மாதிரி, வரிசையாக, அவ்வளவு அழகாக இருப்பது எப்படி?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்த ஊர், டோர்செட் மாவட்டத்தின் மில்டன் அபாஸ். சரிவான ஒரே தெரு. இருபக்கமும் வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாக, அச்சில் வார்த்ததுபோல் 36 வீடுகள். முதலில் படத்தைப் பார்த்து நானும் மயங்கித்தான் போனேன். அப்புறம் அதன் கதையைப் படித்தேன். ஊர்க்காரர்கள் விரும்பி அமைத்துக்கொண்ட அழகு இல்லை அது.

பழைய ஊர் அரை மைல் தள்ளி, ஒரு மடத்தை ஒட்டி இருந்தது. மிடில்டன் என்று பெயர். நூறு வீடுகளுக்கு மேல், சந்தை, பள்ளிக்கூடம் என்று நல்ல புழக்கமுள்ள ஊர். எட்டாம் ஹென்றி 1539இல் மடத்தைக் கலைத்தார். மன்னரின் விவாகரத்து வழக்கில் உழைத்த வழக்கறிஞர் ஜான் டிரெகன்வெல், அடுத்த ஆண்டே 1,000 பவுண்டுக்கு அந்தச் சொத்தை வாங்கிக்கொண்டார். அந்தக் குடும்பத்தின் காலத்தில் ஊர் ஊராகவே இருந்தது.

1752இல் ஜோசப் டேமர் வாங்கினார். பின்னாளில் மில்டன் பிரபு ஆனவர் இவர்தான். மாளிகையைச் சுற்றிப் பச்சைப் புல்வெளி வேண்டும் என்று ஆசைப்பட்டார். குறுக்கே ஊர் இருந்தது. குத்தகை முடிய முடிய வீடுகளை இடித்துக்கொண்டே போனார். புல்வெளிக்கும் புதுத் தெருவுக்கும், அந்தக் காலத்தில் பேர்போன தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுனைக் கூப்பிட்டுத் திட்டம் போடச் சொன்னார். சந்தை ஒழிந்தது. பள்ளிக்கூடத்தை 1785இல் பக்கத்து ஊரான பிளாண்ட்ஃபோர்டுக்கு மாற்றினார்கள்.

வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் அசையவில்லை. அவர் குத்தகைக்கு இன்னும் காலம் மிச்சமிருந்தது. பிரபு குளத்து மதகைத் திறந்துவிட்டு அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகவைத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஹாரிசன் வழக்குப் போட்டு ஜெயித்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

படத்தில் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பத்துக்கு அல்ல, இரண்டு குடும்பங்களுக்கு. நடுவில் பொதுவாக ஒரே வாசல். நூறு வீட்டுச் சனத்தில் எத்தனை பேர் அதில் அடங்கியிருப்பார்கள்? மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

பிரபுவும் சுகப்படவில்லை. 1775இல் மனைவி கரோலின் இறந்தார். மறு ஆண்டு மூத்த மகன் ஜான் கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த மகனுக்கும் வாரிசு இல்லை. சொத்து உறவினர் கைக்குப் போய், 1852இல் ஹாம்ப்ரோ என்ற வங்கிக் குடும்பத்திடம் சேர்ந்தது.

மடத்துத் தேவாலயத்தில் கரோலினின் பளிங்குச் சமாதி இருக்கிறது. படுத்திருக்கும் மனைவியின் பக்கத்தில் கையூன்றிச் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் டேமர். அதே மனிதர்தான் அத்தனை வீடுகளையும் இடித்தார். பழைய ஊரில் 1674இல் கட்டிய ஏழைகள் இல்லத்தை மட்டும் பெயர்த்துவந்து, 1779இல் புதுத் தெருவில் நிறுத்தினார்கள். அங்கே போகிறவர்கள் அந்தக் கட்டடத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.