கெரிஸைப் பளபளப்பாக்கலாமா?

கேள்வி: தோட்டத்தில் வேலை பார்த்த என் தாத்தாவுக்கு ஒரு மலாய் நண்பர் கொடுத்த கெரிஸ் (மலாய்க் குத்துவாள்) வீட்டில் இருக்கிறது. முழுக்கத் துரு. பழம்பொருள் வியாபாரி ஒருவர், "ஆசிட்டில் போட்டுப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன்" என்றார். அப்புறம், "அலகின் அடியில் இருக்கும் ஆரிங் தனித் துண்டாக இல்லை, இது டூப்ளிகேட். 200 ரிங்கிட்டுக்குக் கொடுங்கள்" என்கிறார். என்ன செய்வது? (வாசகர், ஈப்போ)

பதில்: இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள்.

கெரிஸ் பளபளக்கக் கூடாத பொருள். சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, மடித்து மடித்து அடித்துச் செய்வது அது. மெருகு போட்டதும் இரண்டும் ஒரே நிறமாகும். பாமோர் என்கிற அந்தக் கோலம் மறைந்து, எவர்சில்வர் கரண்டி மாதிரி ஆகிவிடும். ஆசிட்டுக்குத் துரு எது, இரும்பு எது என்று தெரியாது. என்னிடம் வந்த ஒன்றில், நுனிப் பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

இதே ஆசிட்டை வைத்து லாரி ஸ்பிரிங் பட்டையில் போலிப் பாமோர் வரைந்து, "300 வருடப் பழசு" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். நிஜமான அடுக்கு என்றால் கோடு விளிம்பு வரை ஓடும். போலி, ஸ்டிக்கர் போல மேலோடு நிற்கும்.

இப்போது ஆரிங். அலகின் அடியில் குறுக்காக இருக்கும் பகுதி. ஜாவாக்காரர்கள் அதைக் கஞ்சா என்பார்கள், சிரிக்காதீர்கள். பெரும்பாலும் அது தனித் துண்டுதான். ஆனால் அலகோடு ஒன்றாகவே அடித்த கெரிஸும் உண்டு. அதற்கு 'கஞ்சா இராஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறது. பெயரே இருக்கிற ஒன்று எப்படிப் போலியாகும்? இணைப்புக் கோடு இல்லை என்பது மட்டும் எதற்கும் சாட்சி இல்லை. இது அந்த வியாபாரிக்கும் தெரிந்திருக்கும். விற்கிற அன்று அவரே 'அபூர்வம்' என்பார்.

சரி, துருவுக்கு என்ன வழி? இளநீரில் ஊறவையுங்கள், தினமும் மாற்றுங்கள். பிறகு எலுமிச்சைச் சாறு தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பூந்திக்கொட்டை நுரையில் கழுவி, நன்றாகக் காயவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் மெல்லியதாகப் பூசினால் போதும். கோலம் எடுப்பாகத் தெரிய முன்பு பாஷாணம் (ஆர்சனிக் விஷம்) பூசியிருக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாஷாணம் பூசிக் கோலத்தை எடுப்பிக்கும் வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். பிடியை முறுக்கி இழுக்காதீர்கள். உள்ளே குங்கிலியம் இறுகியிருந்தால், பிடிக்குள் இருக்கும் அலகின் காம்பு முறியும்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், பழம்பொருளுக்கு மரபுடைமைத் துறையின் அனுமதி தேவையா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். இந்தோனேசிய கெரிஸை யுனெஸ்கோ 2005-லேயே கௌரவித்துவிட்டது. ஆனாலும் நான் போன ஓர் அலுவலகத்தில் மூன்று கவுண்டரிலும் கேட்டது ஒரே கேள்வி: "இது கத்தியா, கைவினையா?" பதிலை எழுதத்தான் படிவத்தில் இடம் இல்லை.