வீட்டுக் கொத்தனாரும் மாநகராட்சி டெண்டரும்

கேள்வி: ரோடு, சாக்கடை, பூங்கா என்று எங்கள் மாநகராட்சி வேலையெல்லாம் வெளியூர் கம்பெனிகளுக்கே போகிறது. நாங்கள் கட்டும் வரி எங்கள் ஊரிலேயே சுற்ற வேண்டாமா? வீட்டு வேலைக்குத் தெரிந்த கொத்தனாரைத்தானே கூப்பிடுகிறோம்? உள்ளூர் காண்டிராக்டர் 10 சதவீதம் கூடக் கேட்டாலும் அவருக்கே கொடுக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டால் என்ன?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: அப்படி ஒரு சட்டம் வேண்டாம் என்பேன். வந்தால் முதலில் அடிபடுவது உங்கள் ஈரோட்டு காண்டிராக்டர்தான்.

உள்ளூர் வேலையை மட்டும் நம்பி யாரும் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது. திருப்பூரில் ஒரு சாக்கடை, கரூரில் ஒரு பள்ளிக் கட்டடம், நாமக்கல்லில் ஒரு தார்ரோடு என்று போய் எடுத்தால்தான் மிக்சரும் ஆட்களும் வருஷம் முழுக்க ஓடும். நீங்கள் 10 சதவீதம் வைத்துக் கதவைச் சாத்தினால் அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? அமெரிக்காவில் ஆரிகன் போன்ற மாநிலங்கள் இதற்குப் பதிலடியாக ஒரு சட்டமே வைத்திருக்கின்றன. வெளி மாநிலத்தவர் டெண்டர் போட்டால், அவருடைய மாநிலம் தன் ஆட்களுக்கு எத்தனை சதவீதம் சலுகை தருகிறதோ, அத்தனை சதவீதத்தை அவர் கேட்ட தொகையோடு கூட்டித்தான் மற்றவர்களோடு ஒப்பிடுவார்கள். சொந்த ஊரில் கிடைத்த சலுகை எல்லை தாண்டியதும் அபராதமாகிவிடுகிறது.

கொத்தனாருக்கு வருவோம். வீடு உங்களுடையது, பணம் உங்களுடையது, பிடித்தவரைக் கூப்பிடலாம். மாநகராட்சிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் டெண்டர் தொடர்பான ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது: தனி மனிதர் போல நினைத்தவருக்கு ஒப்பந்தம் கொடுக்க அரசு அமைப்புகளால் முடியாது. 2025 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. சத்தீஸ்கர் அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும் டெண்டரில், அந்த மாநில அரசுக்கே ஏற்கெனவே சப்ளை செய்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. போட்டியில் எல்லோருக்கும் சமமான இடம் வேண்டும் என்று சொல்லி அதை நீதிமன்றம் தள்ளிவிட்டது. ‘ஈரோட்டு முகவரி இருந்தால் 10 சதவீதம்’ என்ற விதி அங்கே எத்தனை நாள் நிற்கும்?

நின்றாலும் அந்தப் பணம் யாருக்குப் போகும்? சின்ன காண்டிராக்டருக்கு என்று நீங்கள் நம்புகிறீர்கள். ஊரில் நாலு பேர் உட்கார்ந்து, ‘இந்த வார்டு உனக்கு, அந்த வார்டு எனக்கு’ என்று பேசி முடித்துக்கொள்வதை நீங்கள் பார்த்ததில்லையா? வெளியூரிலிருந்து எவராவது குறைத்துப் போட்டுவிடுவார் என்ற பயம் ஒன்றுதான் இன்று அவர்கள் கையைக் கட்டிவைத்திருக்கிறது. அதையும் அவிழ்த்துவிடச் சொல்கிறீர்கள்.

உள்ளூர்க்காரர் பெரும்பாலும் தோற்பது விலையில் இல்லை. டெண்டர் நோட்டீஸிலேயே தோற்றுவிடுகிறார். போன வருடம் கொங்குப் பக்கம் ஓர் ஊரில், முப்பது வருடமாகக் காண்டிராக்ட் எடுக்கும் ஒருவர் என்னைச் சைட்டுக்கு அழைத்துப் போனார். இருபது தெருச் சாக்கடை வேலையை ஒரே பேக்கேஜாக, அதாவது ஒரே டெண்டராகச் சேர்த்திருந்தார்கள். தெருத் தெருவாக விட்டிருந்தால் ஐந்தாறு தெருவுக்கு அவரே போட்டிருப்பார். ஒன்றாகச் சேர்த்ததும், ஒரே வேலையில் பல கோடிக்கு அனுபவம் வேண்டும், டர்ன்ஓவர் வேண்டும், ரெடிமிக்ஸ் பிளான்ட் சொந்தமாக வேண்டும் என்று நிபந்தனை ஏறிவிட்டது. போர்டில் இருந்தது வெளியூர் கம்பெனியின் பெயர். போர்டுக்குப் பின்னால் ஓடிய மிக்சர் அவருடையது, கம்பி கட்டியவர்கள் அவர் ஆட்கள். எல்லாம் சப்-காண்டிராக்ட். ஆறு அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டிய கம்பி, ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று நின்றது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “அவங்க எடுத்துக்கிட்டது போக மிச்சம் குடுக்கற ரேட்டுக்கு இதுதானுங்க வரும்” என்றார். முகத்தில் அவ்வளவு வெட்கம். நல்ல வேலைக்காரரை இப்படிக் கெடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கோயம்புத்தூரைப் பாருங்கள். மோட்டார் பம்புக்கு நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். அங்கே வீடுகளுக்கு 24 மணி நேரமும் குடிநீர் விநியோகிக்கும் வேலை, 3,000 கோடி ரூபாய்க்கு மேல், 26 வருட ஒப்பந்தமாக, 2018-ல் பிரான்ஸைச் சேர்ந்த சூயஸ் நிறுவனத்துக்குப் போனது. அத்தனை பெரிய மூட்டையாகக் கட்டினால் ஊர்க்காரர் வாசல் வரைகூட வர முடியாது. அங்கே உங்கள் 10 சதவீதம் என்ன செய்யும்?

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். தெருவேலையை வார்டு வார்டாக விடச் சொல்லுங்கள். வேலையின் அளவுக்கு ஏற்ற அனுபவம் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். முடிந்த வேலையின் அளவைக் குறிக்கும் எம்-புக்கில் அளவு ஏறிய பிறகு பில் இத்தனை நாளில் பாஸாக வேண்டும் என்று கெடு வையுங்கள். மாதக்கணக்கில் பணம் நின்றால் பெரிய கம்பெனி தாங்கும், சின்னவர் வட்டிக்கு வாங்கி அழிவார். சலுகைதான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. மத்திய அரசுத் துறைகள் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களுக்கு என்று விதி. அவர்கள் கேட்ட தொகை குறைந்த தொகையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கே இறங்கிவந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம். வரிப்பணத்தில் ஒரு ரூபாய்கூட அதிகமாகப் போகாது; எந்த ஊர் என்றும் கேட்பதில்லை. பொருளுக்கும் சேவைக்கும் இருக்கும் இந்த வழி கட்டுமான வேலைகளுக்கு இல்லை. அதை அங்கேயும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டால் நானும் உங்களோடு நிற்பேன்.

உங்கள் ஊரில் கடைசியாக வந்த பேக்கேஜ் டெண்டர் நோட்டீஸ் கையில் இருந்தால், தகுதி நிபந்தனைகள் உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் வரிக்கு வரி பார்த்துவிடுவோம்.