ஐந்து ஸ்பீக்கரும் டிவிக்குப் பக்கத்திலா?

கே: புதிதாக 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்ஊஃபர்) வாங்கினோம். படத்தில் பேசுவது காதில் விழவில்லை. ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. வேறு ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா? (வாசகி, செந்தூல்)

ப: வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நடு ஸ்பீக்கர் டிவி மேசையின் கீழ்த்தட்டில் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. முன்னால் பிளாஸ்டிக் பூச்சாடி வேறு. வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வரும். சாடியை எடுத்துவிட்டு, பெட்டியைத் தட்டின் விளிம்புவரை இழுங்கள். முன்பக்கத்துக்கு அடியில் ஏதாவது கொடுத்து லேசாகத் தூக்கினால் ஒலி உங்கள் காதை நோக்கி வரும். அப்புறம் ரிசீவரில், அதாவது ஸ்பீக்கர் ஒயரெல்லாம் வந்து சேரும் பெட்டியில், 'சென்டர்' என்ற நடு ஸ்பீக்கரின் ஒலியை 2, 3 டெசிபெல் கூட்டுங்கள்.

அதே படத்தில் பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் டிவிக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பொருத்த வருகிறவர்கள் ஐந்தையும் வரிசையாக நிறுத்தி, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு எதற்கு ஐந்து? நீங்கள் டிவியை நேராகப் பார்க்கும் கோட்டிலிருந்து முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கத்துக்கு 30 பாகையில் இருக்க வேண்டும். அதாவது, அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நீங்கள் உட்கார வேண்டும். பின் ஸ்பீக்கர்களுக்கு ஏறக்குறைய 110 பாகை: தோளுக்குச் சற்றே பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே. நம் தாமான் வீடுகளில் சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பின் ஸ்பீக்கர்களுக்கு இடம் கிடைக்க, ஓர் அடியாவது முன்னே இழுத்துப் போடுங்கள். ஒயரில் சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு சேர வேண்டும். ஒன்றில் மாறினாலும் பாஸ் (அடித்தொனி) செத்துவிடும். ஸ்பீக்கர் சிறியதாக இருந்தால் ரிசீவரில் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்ஊஃபருக்குப் போகும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். செட்டோடு மைக் வந்திருந்தால், அதை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ரிசீவரைத் தானாக அளக்க விடுங்கள். இவ்வளவும் பொருத்த வந்தவர் செய்ய வேண்டிய வேலை. முடித்த பிறகுதான் கூலி கொடுக்க வேண்டும்.

கே: பெட்டியில் 5000 வாட் பிஎம்பிஓ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? (ஜெலுத்தோங்)

ப: வாங்காதீர்கள். பிஎம்பிஓ என்பது ஒரு கணத்து உச்சத்தைக் காட்டும் விளம்பர எண். தொடர்ந்து தரும் சக்தியான ஆர்எம்எஸ் எத்தனை வாட் என்று கேளுங்கள். அந்தப் பெரிய எண்ணை நம்பி நான் வாங்கிய செட், பாதி ஒலிக்கு மேல் போனாலே கரகரத்தது.

கே: கொண்டோவில் இருக்கிறோம். சப்ஊஃபர் சத்தம் என்று கீழ்வீட்டார் புகார் செய்கிறார்கள். (கெப்போங்)

ப: அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மூலையில் வைத்தால் பாஸ் பெருகும். முதலில் அங்கிருந்து எடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்ஊஃபரை வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, தரையோடு தவழ்ந்து கேளுங்கள். எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் அதற்கு இடம். இரவில் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

கே: அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கி ஆப்டிகல் கேபிளில் இணைத்தேன். அட்மாஸ் வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (பிறை)

ப: இல்லை. அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்க வைக்கும் முறை. ஆப்டிகலில் அது வராது. டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் இணையுங்கள். அடுத்தவர் மேல் பழி போடுவதற்கு முன் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

கே: ஓய்வுபெற்றவன். 2,800 ரிங்கிட் செட்டில் ஒரே வாரத்தில் பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஊமையாகிவிட்டன. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டி விரட்டுகிறார்கள். (பட்டர்வொர்த்)

ப: ஐயா, அந்தப் பலகையைக் கண்டு பயப்படாதீர்கள். பழுதான பொருளுக்கு 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைக் கடைப் பலகையால் பறிக்க முடியாது. பழுதை வீடியோ எடுத்து, பழுதுபார்த்துத் தரும்படி தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் போக வேண்டும். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் கேளுங்கள். கடை ரசீதின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்; இன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.