சத்திரத்தில் நாற்பது ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

தமிழகத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் மாணவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரமா என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கேட்டது. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. தமிழக அரசு வீடு கட்டித் தருகிறது, மாதாமாதம் பணம் தருகிறது, அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்டது. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர்கள் ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை? இதற்கு மேல் அவர்களுக்கு என்னதான் வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒரு சிறு திருத்தம். நீங்கள் சுட்டும் வழக்கு, சிறைத் தண்டனை முடித்த ஒருவரை நாடு கடத்துவது பற்றியது. முகாம்களில் வாழும் ஏறத்தாழ 58,000 பேர் அந்த வழக்கில் இல்லை. ஆனாலும் சத்திரம் என்ற சொல்லை நான் தள்ளிவிடப் போவதில்லை. அது மிகப் பொருத்தமான சொல். சத்திரத்தில் படுக்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்கும். தங்குபவனுக்கு அங்கே எந்தப் பாத்தியதையும் கிடையாது. விடிந்ததும் மூட்டையைக் கட்டப்போகிறவன் அதை எதிர்பார்ப்பதுமில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களை நாம் இந்த முறையில்தான் வைத்திருக்கிறோம். அவர்கள் கேட்பது சத்திரத்தில் இன்னொரு அறையை அல்ல, சத்திரத்தைவிட்டு வெளியேறும் வழியை.

நீங்கள் சொல்லும் உதவிகள் உண்மையானவை, அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் இடம்பெற்றன. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் குழந்தைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்ந்தது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்தெழுந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த வீடுகளின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பெயர்ப் பலகையையும் வீட்டையும் மாநில அரசு மாற்றலாம், குடியுரிமைச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட அதனால் மாற்ற முடியாது.

அந்தச் சட்டம் ஒரே வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக, அதாவது உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் வந்தவர் போன்றவராக, இருக்கக் கூடாது. ஆக, முகாமில் 1986-இல் பிறந்த அண்ணன் இந்தியன், 1989-இல் அதே பாயில் பிறந்த தங்கை இந்தியர் அல்லர். கடவுச்சீட்டு இல்லாமல் கைக்குழந்தையாகப் படகில் வந்த பெண் உள்ளூர்க்காரர் ஒருவரைச் சட்டப்படி மணந்து, 2010-இல் அரசு மருத்துவமனையில் குழந்தை பெற்றிருந்தால், அந்தக் குழந்தையும் பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகாது. எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற அந்தச் சொல்லே அடைத்துவிடுகிறது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவைத் திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025-இல் மத்திய அரசு விலக்களித்தது. நல்லதுதான். தண்டிக்கமாட்டோம் என்பது அந்த ஆணை, உரிமை தருகிறோம் என்பதல்ல.

சட்டம் ஏற்கெனவே தந்த உரிமையைப் பெறுவதற்கும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தார்.

மண்டபம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்து அனுப்பிய இடம் அது. முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948-இல் இலங்கை அவர்களைக் குடிமக்கள் அல்லர் என்றது. 1964-இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கு முடிவதற்குள் கலவரம் வந்து, இவர்கள் அகதிகளாகவே கரை சேர்ந்தார்கள். இவர்களிடம் 'உங்கள் நாட்டுக்குப் போங்கள்' என்றால், எது என்றுதான் கேட்பார்கள்.

திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். 2009-க்குப் பின் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு சில ஆயிரம் பேர் போனார்கள். போகாதவர்களில் சிலருடைய காணி ராணுவத்தின் வேலிக்குள் கிடந்தது, சிலருக்குக் காணியே இருந்ததில்லை. இங்கே பிறந்து முப்பது வயதைத் தாண்டியவருக்கு அந்த ஊர் பாட்டியின் பேச்சில் மட்டும் இருக்கிறது. 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் மறுபடியும் குடும்பங்கள் வந்து இறங்கின. போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அதைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னதான் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முகாமில் எனக்குப் பழக்கமான ஒருவர், அங்குள்ள பெரும்பாலான ஆண்களைப் போலவே, பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார். வெளியூரில் வேலை இருந்தாலும், வருவாய் ஆய்வாளர் வந்து பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் நாளில் இரவுப் பேருந்து பிடித்து முகாமுக்கு வந்துவிடுவார். எட்டு ஆண்டுகளுக்கு முன் தன் சேமிப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்; தன் பெயரில் எடுக்க வழி தெரியாமல் மேஸ்திரியின் பெயரில் பதிவு செய்தார். போன மாதம் மேஸ்திரி காலமாகிவிட்டார். துக்கம் கேட்கப் போன இடத்தில், வண்டி யாருக்குச் சேரும் என்று மேஸ்திரியின் மகனிடம் எப்படிக் கேட்பது எனத் தெரியாமல் திரும்பி வந்து, என்னிடம் கேட்டார். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.