நான் தைத்த குவில்ட்கள் (துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள்) வீட்டில் சும்மா கிடக்கின்றன. வீடில்லாமல் தெருவில் தங்குபவர்களுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அலமாரியில் இருப்பதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறக்கிவிடாதீர்கள். நானும் தைப்பவள்தான். முடித்த பிறகு பிடிக்காமல் போனது, பரிசுக்கென்று தைத்துக் கொடுக்காமலே நின்றது என்று எனக்கும் சேரும். அவற்றைப் பிரிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, இதை ஒருவர் நாள் முழுக்கச் சுமந்து திரிய முடியுமா என்றுதான்.

இரட்டைக் கட்டில் அளவு அதற்கு ஒத்துவராது. 5 அடிக்கு 7 அடி இருந்தால் போதும். அதைவிட முக்கியம் உள்ளே வைத்திருக்கும் பஞ்சு. பருத்தி நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், லேசில் காயாது, நனைந்திருக்கும்வரை கதகதப்பும் இருக்காது. பாலியெஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும். பாலியெஸ்டர் என்றாலே முகம் சுளிக்கும் தையல்காரர்கள் உண்டு (நானும்தான்), ஆனால் வெட்டவெளியில் படுப்பவருக்கு அதுதான் நல்லது. நிறம் அடர்த்தியாக இருக்கட்டும். அழுக்கு தெரியாது, இரவில் யார் கண்ணிலும் படாமல் படுக்க நினைப்பவருக்கும் அது உதவும்.

சுருட்டிக் கட்ட ஓரத்தில் இரண்டு நாடா தைத்துவிடுங்கள். 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃப்ளோ வீட்லி என்பவர் வீணான துணிகளை 7 அடிச் சதுரமாக இணைத்து, மடித்துத் தைத்து, தூங்கும் பையாக்கிக் கொடுக்கத் தொடங்கினார். கட்டுவதற்குப் பழைய கழுத்து டை! அழகைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. பையாக இருப்பதில் இன்னொரு லாபம், உடம்புக்கு அடியிலும் ஒரு அடுக்கு வந்துவிடுகிறது. மேலே எத்தனை போர்த்தினாலும், கீழே ஒன்றும் இல்லையென்றால் தரை உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் வெறும் குவில்ட் கொடுப்பதானால், கூடவே ஒரு ஃபோம் பாயும் கொடுக்க முடியுமா பாருங்கள்.

காப்பகத்துக்குக் கொடுப்பதென்றால் முதலில் போன் செய்து கேளுங்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து, பயன்படுத்திய போர்வைகளை வாங்காத இடங்கள் இருக்கின்றன. வைக்க இடம் இல்லாத இடங்களும் உண்டு. வாங்குகிறார்கள் என்றால் நன்றாகத் துவைத்து, துணி தாங்குமானால் ட்ரையரில் அதிகச் சூட்டில் உலர்த்திக் கொடுங்கள்.

அப்புறம், கொடுத்தது நிலைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மழையில் கெடும், திருடு போகும், இடத்தைக் காலி செய்யச் சொல்லும்போது அங்கேயே விட்டுப்போக நேரும். "எத்தனை மாத உழைப்பு!" என்று மனசு அடித்துக்கொள்ளும் என்றால் அந்தக் குவில்டைத் தெருவுக்குக் கொடுக்காதீர்கள்.

அதற்கும் ஆள் இருக்கிறார்கள். காப்பகத்தில் இருந்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் அறைக்குள்தான் நுழைகிறார்கள். கட்டில் வந்தாலும் விரிக்க ஒன்றும் இருக்காது. மறுகுடியமர்வுக்கு உதவும் அமைப்புகளைக் கேட்டால், உங்கள் பெரிய குவில்ட்களையும் வெளிர் நிறத்தில் இருப்பவற்றையும் அங்கே கொடுக்கலாம்.