ரீசெட் அழுத்தியதும் தமிழ் எங்கே போனது?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் திட்ட உதவியாளராக வேலை செய்கிறேன். தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. இனி எல்லோரும் நிறுவனத்தின் புதிய பவர்பொயின்ட் டெம்ப்ளேட்டைத்தான் (ஆயத்த மாதிரிக் கோப்பு) பாவிக்க வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். வலிகாமத்துக் கிணற்று நீரைப் பற்றி விவசாயிகளுக்கு விளக்க நான் தமிழில் செய்த பிரசென்டேஷனை, ‘டெம்ப்ளேட்டைச் சரியாகப் பாவிக்கவில்லை, ரீசெட் அழுத்திப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுத்தினேன். சில ஸ்லைட்களில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகிவிட்டது! லோகோ, நிறம் எல்லாம் இருக்கிறதே, வேறு என்ன பிழை? தமிழுக்கு இந்த டெம்ப்ளேட் சரிவராது என்று கொழும்புக்கு எழுதினால் பிழையாக நினைப்பார்களா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தத் தமிழைத் தேடிப் பிடிப்போம். நீங்கள் பாமினியில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், சங்கக் கடிதம் என்று எங்கள் ஊரில் காலங்காலமாக ஓடிய எழுத்துரு அது. ஆனால் பாமினியில் அடித்தது கணினிக்குத் தமிழே இல்லை. ‘தமிழ்’ என்று அடிக்கும்போது கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் பாமினி தமிழ் உருவத்தைக் காட்டுகிறது. ரீசெட் அழுத்தியதும் டெம்ப்ளேட் தன் சொந்த எழுத்துருவைப் போட்டுவிட்டது. பாமினி விலகியதும் அடியில் இருந்தது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. டெம்ப்ளேட்டோடு வருகிற பெட்டிகளுக்குள் இருக்கும் எழுத்தைத்தான் ரீசெட் தொடும். அதாவது ‘கிளிக் டு அட் டைட்டில்’ என்று எழுதியிருக்குமே, அந்தப் பெட்டிகள். ஆகவே தமிழ் மாறிப்போன ஸ்லைட்களில் நீங்கள் சரியான இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். அசையாமல் அப்படியே நின்ற ஸ்லைட்களைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே ‘டெக்ஸ்ட் பொக்ஸ்’ வரைந்து அதற்குள் எழுதியிருப்பீர்கள். கொழும்பில் பிழை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். சந்தேகமென்றால் ‘வியூ’வில் ‘அவுட்லைன் வியூ’வைத் திறந்து பாருங்கள். பெட்டிக்குள் எழுதியது இடப்பக்கத்தில் வரிசையாகத் தெரியும். டெக்ஸ்ட் பொக்ஸில் எழுதியது அங்கே வராது. தலைப்பே இல்லாத ஸ்லைட்களும் அப்போது அகப்படும். பார்வையற்ற ஒருவருக்கு வாசித்துக் காட்டுகிற மென்பொருளும் அந்தத் தலைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்லைட்டுக்கு ஸ்லைட் போகிறது. அதனால் இதை வெறும் அழகு சம்பந்தமான விஷயமாக நினைக்காதீர்கள்.

டெம்ப்ளேட் என்றால் லோகோ போட்ட பின்னணிப் படம் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதன் உயிர் ‘ஸ்லைட் மாஸ்டர்’ என்ற பகுதியில் இருக்கிறது. தலைப்பு எங்கே நிற்கும், எழுத்து எத்தனை பொயின்ட், எந்த நிறம், வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அங்கே ஒரு தடவை முடிவாகிவிடும். நாங்கள் பெட்டிக்குள் எழுதினால் அந்த முடிவு தானாக வந்து சேரும். நாளைக்கு நிறுவனம் நிறத்தை மாற்றினாலும் மாஸ்டரில் மாற்றினால் போதும், உங்கள் ஸ்லைட் எல்லாம் கூடவே மாறும். நிறத்தைத் தெரிவுசெய்யும்போது மேலே இருக்கும் ‘தீம்’ நிறங்களில், அதாவது டெம்ப்ளேட்டின் சொந்த நிறங்களில் எடுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். கீழே இருக்கும் வழமையான சிவப்பும் பச்சையும் எந்த மாற்றத்துக்கும் அசையாமல் அப்படியே நிற்கும்.

பழைய பிரசென்டேஷனிலிருந்து ஸ்லைட் எடுத்து ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள். ஒட்டும்போது ‘கீப் சோர்ஸ் போர்மட்டிங்’ கொடுத்தால் பழைய மாஸ்டரும் சத்தமில்லாமல் உள்ளே வந்து குந்திவிடும். ‘யூஸ் டெஸ்டினேஷன் தீம்’ கொடுங்கள். தொடங்கும்போதும் யாரோ செய்து முடித்த கோப்பை வாங்கி அழித்து எழுதாதீர்கள். பி.ஓ.டி.எக்ஸ் என்று முடிகிற அசல் டெம்ப்ளேட்டை இரட்டைக் கிளிக் செய்தால் ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பு திறக்கும், அசலுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, இனித் தமிழுக்கு வருவோம். பாமினியில் அடித்ததை யூனிகோடுக்கு, அதாவது கணினி தமிழைத் தமிழாகவே பதிந்துகொள்ளும் முறைக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். நீரைப் பற்றிய விளக்கத்தில் அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச் அளவை ஆங்கிலத்தில் எழுதியிருப்பீர்கள். அதையும் சேர்த்து மாற்றினால் பொருளில்லாத தமிழாகிவிடும். மாற்றி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ நல்ல தெரிவு. விண்டோஸ் 8 முதல் விண்டோஸோடேயே வருகிறது, தமிழும் சிங்களமும் அதற்குள் இருக்கின்றன. மூன்று மொழியில் வேலை செய்கிற உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு இது பெரிய வசதி. நோட்டோ சான்ஸ் தமிழும் இலவசம்தான், ஆனால் காட்டப்போகிற லேப்டொப்பில் அது இல்லாமல் இருக்கலாம். கோப்பைச் சேமிக்கும் முன் ‘ஒப்ஷன்ஸ்’, ‘சேவ்’ என்று போய், எழுத்துருவையும் கோப்புக்குள் வைக்கும் தெரிவை அடையாளமிடுங்கள். கையோடு ஒரு பிடிஎப் பிரதியும் பென் டிரைவில் இருக்கட்டும்.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த டெம்ப்ளேட்களில் இது 0.9 என்று நெருக்கமாக இருப்பது வழக்கம். தமிழில் மேல் வரியின் ‘மூ’வின் வாலும் கீழ் வரியின் ‘கீ’யின் மேற்சுழியும் ஒன்றோடொன்று முட்டும். 1.1 அளவில் வைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். தமிழ் வசனம் ஆங்கிலத்தைவிட நீளமாக ஓடுவதால் பெட்டி நிறைந்து எழுத்து தானாகச் சிறுத்துக்கொண்டும் போகும். அப்போது எழுத்தின் அளவோடு மல்லுக்கட்டாமல் வசனத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு ஸ்லைட்டாகப் பிரியுங்கள். 12 பொயின்டில் எழுதியதைப் பின்வரிசையில் இருக்கும் பெரியவர் எப்படி வாசிப்பார்? சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

கிணறுகளை ஒப்பிடும் உங்கள் சார்ட்டில் நல்ல கிணறு பச்சை, கெட்ட கிணறு சிவப்பு என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்துக்குப் போடும் உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்குவது விவசாயிகள் கட்டாயம் அறிய வேண்டிய விஷயம், அதை அழுத்திச் சொல்ல நினைத்தது நியாயமே. டெம்ப்ளேட்டுக்குள் நின்றும் அதைச் சொல்லலாம். எல்லாக் கிணறுகளையும் தீமில் உள்ள சாம்பல் நிறத்தில் போடுங்கள். குடிநீரில் இருக்கக்கூடிய நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவில் ஒரு கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய கிணறுகளுக்கு மட்டும் நிறுவனத்தின் அழுத்தமான நிறத்தைக் கொடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் சபையில் இருந்தாலும் விளங்கும்.

லோகோவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாஸ்டரில் ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று ஒட்ட வேண்டாம். நிதி தருபவரின் லோகோ வைக்க வேண்டுமென்றால் அதற்கென்று லேஅவுட் (ஸ்லைட்டுக்கான ஆயத்த அமைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். மண்டபத்து புரொஜெக்டர் பழைய 4:3 வகை என்றாலும் ஸ்லைட்டின் அளவை மாற்றாதீர்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழுந்தால் விழட்டும்.

கடைசியாக, கொழும்புக்கு எழுதுவது. தாராளமாக எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் ‘இது தமிழுக்குச் சரிவராது’ என்று எழுதினால் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. தீமில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ், சிங்களம் போன்றவற்றுக்கு வேறு எழுத்துரு என்று தனித்தனியே வைக்க இடமுண்டு. அதை நிரப்பித் தரும்படி கேளுங்கள். வரி இடைவெளி கூடிய தமிழ் லேஅவுட் ஒன்றும் கேளுங்கள். நீங்களே ஸ்லைட் ஸ்லைட்டாகத் திருத்திக்கொண்டிருந்தால் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் உங்களைப் போன்ற ஒருவர் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். இரண்டு வரி முட்டிக்கொண்டு நிற்கும் ஸ்லைட்டை ஒரு படம் பிடித்து, இடைவெளியைத் திருத்திய அதே ஸ்லைட்டையும் பக்கத்தில் வைத்து மின்னஞ்சலோடு அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கும் பார்த்தவுடன் விளங்கும்.